வரைபடத்துக்கு யார் வழி சொன்னது?

கொழும்பிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ மலைநாட்டுக்கு வாகனத்தில் வருகிறவர்கள் புறப்படுவதற்கு முன்பு கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. வழிகாட்டிச் செயலிகளில் எது நல்லது? கூகுள் மேப்பா, வேஸா, இணையம் இல்லாமலே ஓடும் ஓர்கானிக் மேப்ஸா? ஏப்ரல் வசந்த காலத்தில் நுவரெலியாவை நோக்கி வாகனங்கள் வரிசை கட்டும்போது இந்தக் கேள்வி அடிக்கடி காதில் விழும். பதில் இருக்கிறது, சொல்கிறேன். ஆனால் கொத்மலையில் இருந்துகொண்டு யோசிக்க யோசிக்க, நாம் எந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டு இந்தக் கேள்வியைக் கேட்கிறோம் என்பதுதான் என் மனதை அரிக்கிறது.

முதலில் பதில். பேராதனையில் தொடங்கி கம்பளை, புசல்லாவை, தவலந்தென்னை, இறம்பொடை, நுவரெலியா, பதுளை என்று ஏறி இறங்கிச் செங்கலடியில் முடியும் ஏ-5 வீதியில் நீங்கள் இருக்கும்வரை கூகுள் மேப் போதும். அதை மிஞ்ச மற்றதால் முடியாது. 2005இல் தொடங்கிய அந்தச் சேவை, வீதியில் ஓடிக்கொண்டிருக்கும் போன்களின் வேகத்தைத் திரட்டி, எங்கே வாகனங்கள் தேங்கி நிற்கின்றன, இறம்பொடையை எத்தனை மணிக்கு எட்டலாம் என்று ஓரளவு சரியாகவே கணித்துவிடுகிறது. தமிழில் பேசியும் வழி சொல்கிறது. இறம்பொடையில் 2008இல் திறந்த 225 மீட்டர் சுரங்கப் பாதைக்குள் நுழையும்போது திரையிலுள்ள புள்ளி கொஞ்சம் தடுமாறும். வெளியே வந்ததும் தெளிந்துவிடும்.

வேஸ் இஸ்ரேலில் பிறந்தது. 2013இல் கூகுள் அதை வாங்கியது. அதன் பலம் சாரதிகளின் வாய்தான். முன்னே போகிறவர் விபத்து, குழி, பொலிஸ் என்று தட்டிவிட, பின்னே வருகிறவருக்கு உடனே தெரிந்துவிடுகிறது. கொழும்பின் காலி வீதியில் அது அருமையாக வேலை செய்யும். இரவு எட்டு மணிக்குப் பூண்டுலோயாவுக்கு மேலே ஒரு மலையில் முன்னே போகிறவர் யார்? ஆள் இல்லாத இடத்தில் வேஸ் ஊமை.

மூன்றாவது வேறு இனம். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற வரைபடத்தை 2004இல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் என்பவர் தொடங்கினார். விக்கிப்பீடியாவைப் போல யாரும் அதில் எழுதலாம், திருத்தலாம். ஓர்கானிக் மேப்ஸ், ஓஸ்ம்அண்ட் போன்ற செயலிகள் அதன்மேல்தான் ஓடுகின்றன. இலங்கைப் படத்தை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொண்டால் டவர் இல்லாத மடுவிலும் வழி காட்டும். மலையின் உயரக் கோடுகளையும் பார்க்கலாம். கூகுளிலும் ஒரு பகுதியின் படத்தை இறக்கி வைக்கலாம், நெரிசல் விவரம் மட்டும் கிடைக்காது. "டவர் இல்ல, மேப் வேல செய்யாது" என்று பலர் சொல்வது பாதிதான் உண்மை. நாம் எங்கே நிற்கிறோம் என்பதை, தலைக்கு மேலே ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செய்மதிகளில் குறைந்தது நான்கின் சமிக்ஞையைப் பிடித்து போன் தானே கணக்குப் போட்டுக்கொள்கிறது. டவர் தேவைப்படுவது படத்துக்குத்தான். படம் கையில் இருந்தால் டவருக்காகக் காத்திருக்க வேண்டாம்.

ஆக, பெருவீதிக்குக் கூகுள், கொழும்புக்கு வேஸ், தோட்டத்துக்குள் நுழையும்போது ஓர்கானிக் மேப்ஸ் அல்லது ஓஸ்ம்அண்ட். மூன்றையும் வைத்துக்கொள்வதில் நட்டமில்லை.

இத்தோடு நிறுத்திவிடலாம்தான். ஆனால் மூன்றுக்கும் பொதுவான ஒரு குருட்டுத்தனம் இருக்கிறது. 2025 மே 11ஆம் திகதி அதிகாலையில், கதிர்காமத்திலிருந்து குருநாகலுக்குப் போய்க்கொண்டிருந்த இலங்கைப் போக்குவரத்துச் சபை பஸ் ஒன்று கொத்மலை கெரண்டி எல்லப் பகுதியில் வீதியை விட்டு விலகிப் பள்ளத்தில் விழுந்தது. இருபதுக்கு மேற்பட்ட உயிர்கள் போயின. செயலிக்கும் அந்த விபத்துக்கும் சம்பந்தமில்லை. ஆனால் அந்த இடத்தைத் திரையில் பெரிதாக்கிப் பாருங்கள். கம்பளை நகரத்துக்குள் போகிற அதே கோடு, அதே தடிப்பு. ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் பாதாளம், விடியற்காலை மூட்டம், மழை நாளில் கல் உருளும் முடக்கு, இவை எதற்கும் அந்தக் கோட்டில் இடமில்லை.

இதற்குக் காரணம் கணக்கு முறையில் இருக்கிறது. மிகக் குறுகிய பாதையைக் கண்டுபிடிக்கும் முறையொன்றை 1959இல் நெதர்லாந்துக் கணினி அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா வெளியிட்டார். இன்றைய செயலிகள் அதையும் அதன் வழிவந்த முறைகளையுமே பயன்படுத்துகின்றன. சந்திகள் புள்ளிகள், வீதிகள் கோடுகள், ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு விலை. விலை என்பது பெரும்பாலும் அதைக் கடக்க எடுக்கும் நேரம். எந்தக் கோடுகளைச் சேர்த்தால் மொத்த விலை குறைகிறதோ அதுதான் உங்களுக்கு நீலமாகக் காட்டப்படும் பாதை. கணக்கில் பிழையே வராது. பிழை விலை போடுவதில்தான் வரும். நிறையப் போன்கள் ஓடிய வீதிக்கு உண்மையான வேகம் தெரியும். யாரும் ஓடிக் காட்டாத தோட்டப் பாதைக்கு வேகத்தை ஊகிக்க வேண்டியிருக்கிறது. அந்த ஊகத்துக்குக் கருங்கல் தெரியாது, உடைந்த பாலம் தெரியாது, முதல் கியரில் முனகிக்கொண்டு ஏறும் ஏற்றம் தெரியாது. அதனால்தான் சுற்று வழியாகத் தெரிகிற நல்ல வீதியைத் தள்ளிவிட்டு, தேயிலைக்கு நடுவே நேராகத் தெரிகிற பாதைக்கு உங்களைக் கூப்பிடுகிறது.

இது எங்கள் மலைக்கு மட்டும் வந்த வினையல்ல. 2024 ஜனவரியில் நீலகிரி கூடலூரில், செயலி காட்டிய விரைவு வழியில் போன கார் ஒன்று செங்குத்தான படிக்கட்டில் இறங்கி மாட்டிக்கொண்டது. கூடலூர் எங்களுக்கு அந்நியமான ஊரல்ல. 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு கப்பலேறிப் போன எங்கள் சனங்கள் பலர் குடியேறிய மலை அது. 2024 நவம்பரில் உத்தரப் பிரதேசத்தின் பரேலி அருகே, வெள்ளம் ஒரு பகுதியைக் கொண்டுபோன பாலத்தின் மீது வழிகாட்டியை நம்பி ஏறிய காரில் இருந்த மூவரும் ராம்கங்கை ஆற்றில் விழுந்து இறந்தார்கள். பாலம் அறுந்திருப்பது அந்த ஊரில் எல்லாருக்கும் தெரிந்திருக்கும். படத்துக்குத் தெரியவில்லை.

ஊரில் எல்லாருக்கும் தெரிந்தது படத்துக்குத் தெரியாமல் போவது எப்படி என்பதைத் தவலந்தென்னைச் சந்தியில் நின்றால் பார்க்கலாம். அங்கேதான் நுவரெலியா வீதியிலிருந்து பூண்டுலோயா, தலவாக்கலைப் பாதை பிரிகிறது. ஒரு மாலை நேரம், யாழ்ப்பாணத்திலிருந்து கல்யாண வீட்டுக்கு வந்த வேன் ஒன்று ஓரமாக நின்றது. பூண்டுலோயாவுக்கு மேலே ஒரு தோட்டத்துக்குப் போக வேண்டும். உள்ளே மூன்று போன், மூன்றிலும் மூன்று வழி. சாரதி இறங்கி, ஆட்டோவில் சாய்ந்து நின்ற இளைஞரிடம் திரையை நீட்டினார்.

"தம்பி, இந்தப் பாதைதான் கிட்ட எண்டு இது காட்டுது. சரிதானே?"

இளைஞர் போனை வாங்கி, இரண்டு விரலால் இழுத்துப் பெரிதாக்கினார்.

"கிட்டதான் அண்ணே. ஆனா போன மழைக்கு மண்ணு சரிஞ்சி, பாலத்துக்குப் பக்கத்துல பாதி ரோட்டு போயிருச்சி. ஆட்டோ போகும், வேன் போகாது. நீங்க மெயின் ரோட்டுலயே போயி, ஸ்டோருக்குப் பக்கத்தால ஏறுங்க. சுத்துதான், ஆனா ஏறிறலாம். பிள்ளை மடுவத்துக்கிட்ட மட்டும் லெஃப்ட்ல ஒட்டிப் போங்க. அங்க ஒரு கான் இருக்கு, ராவுல தெரியாது."

இவ்வளவும் அரை நிமிடத்துக்குள். எந்தப் பாதையில் எந்த வாகனம் போகும், எப்போதிலிருந்து போகாது, மாற்று வழி எது, இருட்டில் எந்த இடம் ஆபத்து. உலகத்தின் பெரிய நிறுவனங்கள் கோடிக்கணக்கில் செலவழித்துத் தேடும் விவரம் அத்தனையும் அந்தப் பையனின் நாக்கு நுனியில் இருந்தது. வேன் திரும்பிப் போனது. விவரம் அந்தச் சந்தியோடு நின்றுவிட்டது. அடுத்த வேன் வந்தால் அவரே மறுபடி சொல்ல வேண்டும். அவர் வாடகைக்குப் போயிருந்தால் யாரும் சொல்ல மாட்டார்கள்.

ஏன் அது எங்கேயும் எழுதப்படவில்லை? தோட்டப் பாதை யாருடையது என்று கேட்டுப் பார்த்தால் விளங்கும். ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையிடம். சி, டி தர வீதிகள் மாகாண சபையிடம். அதற்குக் கீழே கிராமத்து வீதிகள் பிரதேச சபையிடம். தேயிலைக்குள் ஓடும் பாதை தோட்ட நிர்வாகத்திடம். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டங்களுக்குள் பிரதேச சபை தன் நிதியைச் செலவழிக்கத் தடையாக முப்பது ஆண்டுகளுக்கு மேல் நின்றது. தோட்டத்து மக்கள் வாக்களித்துத் தெரிவு செய்த சபை, அதே மக்களின் வரிசை வீடுகளான லயத்துக்குப் போகும் பாதைக்கு ஒரு லொறி கல் கொட்ட முடியாமல் இருந்தது. 2018இல்தான் அந்தப் பிரிவு திருத்தப்பட்டது. அரசாங்கப் பதிவேட்டில் இத்தனை காலம் ஓரத்தில் கிடந்த பாதை, அமெரிக்கக் கம்பனியின் படத்தில் மட்டும் ஒழுங்காக இருக்கும் என்று எப்படி எதிர்பார்ப்பது?

இன்னும் பின்னால் போனாலும் கதை இதுதான். இந்த மலைகளுக்கு வீதி போட்ட பெருமை ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸுக்கும் மேஜர் தோமஸ் ஸ்கின்னருக்கும் போகிறது. அவர்களின் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் கோப்பிக் காலத்திலும் பிறகு தேயிலைக் காலத்திலும் காட்டை வெட்டி, கல்லை உடைத்து, தோட்டத்துக்குள் பாதை போட்ட கைகளில் எத்தனையோ கைகள் தமிழ்நாட்டிலிருந்து மன்னாரில் கரையிறங்கி மாத்தளைக்கு நடந்து வந்தவர்களுடையவை. வழியில் காய்ச்சலிலும் பசியிலும் செத்தவர்களுக்குக் கல்லறைகூட இல்லை. 2023 ஜூலை, ஓகஸ்டில் 'மலையகம் 200' நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்தார்கள். அந்த வழியைக் காலால் மறுபடி எழுதியதாகவே நான் அதை எடுத்துக்கொள்கிறேன்.

வானத்திலிருந்து எடுத்த படத்தில் கொத்மலையைப் பார்த்தால் எல்லாம் தெரிவதுபோலத்தான் இருக்கும். நடுவில் நீர்த்தேக்கத்தின் நீலம். 1985இல் அணை திறக்கப்பட்டபோது நீருக்குள் போன கிராமங்கள் அதற்கடியில் இருக்கின்றன. வறட்சியில் நீர் வற்றும்போது கடதோர விகாரை தலைகாட்டும். பழைய பாதை எது என்று அந்தப் பக்கத்துப் பெரியவர்கள் கையை நீட்டிக் காட்டுவார்கள். நீலத்தைச் சுற்றிப் பச்சை. பச்சைக்குள் வரிசை வரிசையாகத் தகரக் கூரைகள். கூரைகளைச் செய்மதியால் எண்ண முடியும். அதில் எது மேட்டு லயம், எது பணிய லயம், எது கோயில், எது குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவம் என்று சொல்ல முடியாது. தோட்டத்தின் ஆங்கிலப் பெயரும் தொழிற்சாலையும் படத்தில் இருக்கும். சுற்றுலாப் பயணி தேடும் நீர்வீழ்ச்சி படங்களோடு இருக்கும். பல நூறு பேர் பிறந்து வளர்ந்த லயத்தின் பெயர் இருக்காது.

அப்படி ஒரு லயத்தில் இரவில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி எடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 1990 என்ற இலக்கத்தில் அழைக்கும் சுவசெரிய அம்பியுலன்ஸ் சேவை இலவசம். 2016இல் தொடங்கி இன்று நாடு முழுவதும் ஓடுகிறது. நல்ல சேவை, எத்தனையோ உயிரைக் காத்திருக்கிறது. அழைத்ததும் முதலில் கேட்கும் கேள்வி, எங்கே இருக்கிறீர்கள் என்பது. வீட்டுக்கு இலக்கமில்லை. பாதைக்குப் பெயரில்லை. கடிதமே தோட்டத்துக் கந்தோருக்கு வந்து, அங்கிருந்து கைமாறிக் கைமாறி வரும் பழக்கம் பல இடங்களில் இன்னும் போகவில்லை. "ஏழாம் நம்பர் மலைக்குக் கீழ, கோயிலுக்கு அடுத்த லயம்" என்று சொன்னால் ஊர்க்காரருக்குப் போதும். வெளியிலிருந்து வரும் சாரதிக்கு அது ஒன்றுமே இல்லை. ஆகவே பெருவீதிச் சந்தி வரை வந்து நிற்கச் சொல்கிறார்கள். சந்தி வரை அந்தப் பெண்ணை ஆட்டோவிலோ தோட்டத்து லொறியிலோ ஏற்றிக்கொண்டு வர வேண்டும். ஆட்டோக்காரர் ஊரில் இருந்தால் பிழைத்தோம்.

நான் தொடக்கத்தில் சொன்னது இதைத்தான். செயலிகளை ஒப்பிடும்போது நாம் எப்போதும் சாரதி இருக்கையில் உட்கார்ந்து ஒப்பிடுகிறோம். எது என்னைச் சீக்கிரம் கொண்டுபோய்ச் சேர்க்கும்? ஆனால் ஒவ்வொரு பயணத்துக்கும் மறுமுனை உண்டு. அங்கே ஒருவர் காத்திருக்கிறார். அம்பியுலன்ஸுக்காக, தபாலுக்காக, நிவாரண லொறிக்காக, கல்யாணத்துக்கு வரும் சொந்தத்துக்காக. அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால் கேள்வி மாறிவிடுகிறது. எது என்னிடம் வந்து சேரும்? வரைபடத்தில் இருப்பது என்பதன் பொருள், நம்மைத் தேடி வர முடியும் என்பதுதான். வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்க எங்கள் முன்னோர் பட்ட பாட்டுக்குச் சற்றும் குறையாத பாடு இது.

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி இந்தக் கேள்வியை மலைகளின் மீதே எழுதிவிட்டுப் போனது. நாடு முழுவதும் 600க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். நுவரெலியா, கண்டி, பதுளை மாவட்டங்களில் மண்சரிவு வீடுகளைப் புதைத்தது, வீதிகளை அறுத்தது. பல இடங்களில் மின்சாரமும் போனும் ஒன்றாகப் போயின. நேற்றுவரை இருந்த வீதி இன்று இல்லை என்பது எந்தச் செயலிக்கும் உடனே தெரியவில்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மண்சரிவு எச்சரிக்கை விடுக்கிறது. அதுவும் நம் நீலக் கோடும் வெவ்வேறு உலகத்தில் இருந்தன. பல தோட்டப் பிரிவுகளுக்கு உதவி கால்நடையாகத்தான் போய்ச் சேர்ந்தது. எங்கே எத்தனை குடும்பம் என்பதை வழி தெரிந்த இளைஞர்கள் சொல்லிச் சொல்லித்தான் வெளியே தெரிந்தது.

இப்படித்தான் இருக்க வேண்டும் என்றில்லை. 2010 ஜனவரியில் ஹெயிட்டியில் நிலநடுக்கம் வந்தபோது தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸுக்குப் பயன்படத்தக்க வீதிப் படமே சரியாக இல்லை. உலகெங்குமிருந்து தொண்டர்கள் செய்மதிப் படங்களைப் பார்த்து, சில நாட்களுக்குள் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் அந்த நகரத்தை வரைந்து கொடுத்தார்கள். மீட்புக் குழுக்கள் அதைக் கையில் வைத்துக்கொண்டு வேலை செய்தன. தூரத்தில் இருந்த அந்நியரால் அவ்வளவு முடிந்தது என்றால், அதே மண்ணில் நடக்கிற எங்களால் எவ்வளவு முடியும்? அடுத்த மழைக்கு முன்பே செய்ய முடியும் என்பதுதான் எங்களுக்கு இருக்கும் பெரிய வசதி.

செய்ய வேண்டியது கடினமல்ல. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஒரு கணக்குத் திறந்தால் போதும். தோட்டத்தின் ஆங்கிலப் பெயரோடு, நாங்கள் கூப்பிடும் தமிழ்ப் பெயரையும் அதற்கென்று உள்ள இடத்தில் எழுதலாம். பாதை தார் ரோட்டா, கல் ரோட்டா, மண் ரோட்டா, எவ்வளவு அகலம், லொறி போகுமா என்பதற்கெல்லாம் தனித்தனிப் பதிவு உண்டு. கூகுளிலும் விடுபட்ட இடத்தைச் சேர்க்கலாம், மூடிய வீதியைத் தெரிவிக்கலாம். வீட்டு இலக்கம் இல்லாதவர்களுக்கென்றே பிளஸ் கோட் என்றொரு முறை இருக்கிறது. கூகுள் மேப்பில் உங்கள் கூரையின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு சிறு குறியீடு வரும். அதற்குக் காசு இல்லை, யாருடைய கையெழுத்தும் தேவையில்லை. வருகிற சாரதிக்கு அதை அனுப்பினால் அவருடைய போன் உங்கள் வாசலுக்கே வழி போடும். பாதை பழுதென்றால் அது வேறு பிரச்சினை. அதையும் எழுதத்தான் வேண்டும்.

பூண்டுலோயா, இறம்பொடை, புசல்லாவைப் பாடசாலை ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். உயர்தர மாணவர்களைக் கூட்டிக்கொண்டு ஒரு சனிக்கிழமை தோட்டத்தைச் சுற்றி நடங்கள். லயம், பிள்ளை மடுவம், கொழுந்து மடுவம், கோயில், பாலம், சரிவு என்று ஒவ்வொன்றையும் பெயரோடு பதியுங்கள். பெயர் தெரியாவிட்டால் பெரியவர்களிடம் கேளுங்கள். ஆட்டோ ஓட்டும் தம்பிமாரே, சந்தியில் நின்று நீங்கள் சொல்லும் அந்த அரை நிமிட விவரத்தை ஒருமுறை போனிலும் சொல்லிவிடுங்கள். தோட்டத் துரைமார் தங்கள் கந்தோரிலுள்ள பிரிவுப் படங்களைத் திறந்து கொடுக்க வேண்டும். கொத்மலைப் பிரதேச சபை, 2018இல் கிடைத்த அதிகாரத்தை வைத்து, ஒவ்வொரு லயத்துக்கும் போகும் பாதைக்கு ஒரு பெயரும் ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் இலக்கமும் கொடுத்துப் பலகை நட வேண்டும். இதை வாசிக்கும் நீங்கள் தோட்டத்தில் இருப்பவர் என்றால், உங்கள் லயத்தின் பிளஸ் கோடை இன்றே எடுத்து, பிள்ளை மடுவச் சுவரில் எல்லாருக்கும் தெரிகிற மாதிரிப் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள்.